அது சிறுத்தைக் குட்டி இல்லை

மசாய் மாரா, கென்யா
இரவு 9 மணி

அன்புள்ள செந்திலுக்கு,

நேற்று அனுப்பின படத்தைச் சின்னவனிடம் காட்டிவிட்டாயா? 'அப்பத்தா சிறுத்தைக் குட்டி பார்த்தாங்க' என்று அவன் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்வதற்குள் திருத்திவிடு. அது சிறுத்தையும் இல்லை, குட்டியும் இல்லை. வளர்ந்த செர்வல் பூனை.

வண்டி ஓட்டுகிற தம்பி அப்போதே 'மோண்டோ' என்றார். சுவாஹிலியில் செர்வலுக்கு அதுதான் பெயராம். புள்ளியைப் பார்த்த அவசரத்தில் நான் காதில் வாங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார். முகம் சின்னது, காது மட்டும் முயல் காது மாதிரி. காதின் பின்பக்கம் கருப்பு, நடுவில் வெள்ளைத் திட்டு. வாலும் குட்டை. புல்லுக்குள் அசையாமல் நின்று காதை மட்டும் திருப்பிக்கொண்டே இருந்தது. திடீரென்று நாலு காலும் தரையை விட்டு எழும்ப ஒரு தாவல். வாயில் எலி!

நம் பேச்சிலும் குழப்பம் இருக்கிறது. வால்பாறையில் ஊருக்குள் வருவது சிறுத்தை. 2022இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ பூங்காவுக்குக் கொண்டுவந்தது சிவிங்கிப்புலி, அதாவது சீட்டா. நாம் இரண்டையும் சிறுத்தை என்றே சொல்லிவிட்டோம். இங்கே முன்னதற்குச் 'சுயி', பின்னதற்கு 'டூமா'.

டூமாவை இன்று காலையில் கரையான் புற்று மேல் பார்த்தோம். கண்ணோரத்திலிருந்து வாய் வரை கருப்புக் கோடு. சின்ன வயதில் நீ அழுதால் கண்மை கரைந்து கன்னத்தில் இறங்குமே, அப்படியே. புள்ளிகள் மையில் விரல் தொட்டு வைத்தது போல ஒவ்வொன்றும் தனித்தனி. சுயிக்குப் புள்ளிகள் பூப்போல வளையமாகச் சேர்ந்திருக்கும், கழுத்தும் தடிமன். மரத்தில் படுத்திருந்ததால் முதலில் தொங்கின வால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சாப்பாட்டுக் கூடாரத்தில் ராத்திரி ஒரு வளைய வால்காரன் வந்தான். நான் பூனை என்றேன். ஜெனட்டாம், புனுகுப்பூனைக்குச் சொந்தம். அதிலும் தோற்றேன். ஆனால் நாய் மாதிரி இருக்கிற கழுதைப்புலி பூனை வகைக்குத்தான் நெருக்கமாம்! அப்பா இன்னும் நம்பவில்லை.

சரி, காலையில் 6 மணிக்கு வண்டி. கரக்கால் என்கிற காட்டுப்பூனையைப் பார்க்க வேண்டும் என்கிறார் அப்பா. செம்பழுப்பு நிறம், காது நுனியில் கருப்பு முடிக்கொத்து. உடம்பில் புள்ளியே கிடையாது. அதிலாவது ஏமாற மாட்டேன்.

அன்புடன்,
அம்மா