சுளகு மடியில் வைத்திருக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

உன் பேரையும் ஊரையும் எழுதவில்லை. திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் சுளகு இருக்கிறது, யாருக்கு எழுதியது என்று யாருக்குத் தெரியும்? உன் போனை உன் புருஷன் எடுத்துப் பார்க்கிறான், அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் வந்தபோது தூளும் வெட்டின இலையும் திண்ணை முழுக்கச் சிதறிக் கிடந்தன. வலது மணிக்கட்டு வீங்கிப்போய், கத்தரியை இடது கையில் பிடித்து இலை வெட்டிக்கொண்டிருந்தாய். "இன்னைக்குக் கட்டு குறையுதுக்கா, கடையில ஏசுவாங்க" என்றுதான் அழுதாய். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயில் கொடைக்கு வந்த இடத்தில் அவன் அடிப்பதை நீ சொல்ல வந்தாய். "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ" என்று நான்தான் உன் வாயை அடைத்தேன். அது பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடு.

"அவரை ஜெயில்ல போடவாக்கா சொல்லுத?" என்று கேட்டாயே, இல்லை. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் நீ கேட்கப்போவது பாதுகாப்பு உத்தரவு. அடிக்காதே, மிரட்டாதே, அவள் வேலை பார்க்கும் இடத்துக்குப் போகாதே, போனில் தொந்தரவு பண்ணாதே என்று மாஜிஸ்திரேட் போடும் உத்தரவு. அதை மீறினால்தான் ஒரு வருஷம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். ஜெயிலுக்குப் போவதும் போகாததும் அவன் நடந்துகொள்வதில் இருக்கிறது.

வீடு உன் மாமனார் பேரில் இருப்பதுதான் உனக்குப் பெரிய பயம். பத்திரம் யார் பேரில் இருந்தாலும் நீ குடித்தனம் பண்ணின வீட்டில் இருக்க உனக்கு உரிமை உண்டு. மாமனார் பேரில் இருந்த வீட்டைப் பற்றிய வழக்கிலேயே 2020-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தேவைப்பட்டால் அவனை வெளியேறச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது.

ஸ்டேஷனில் "சமாதானமாப் போங்கம்மா" என்று திருப்பி அனுப்பினார்களே, அதை நினைத்து ஓய்ந்துவிடாதே. பாதுகாப்பு உத்தரவு கேட்கும் மனுவுக்குப் போலீஸ் எஃப்ஐஆர் தேவையில்லை. மாவட்டச் சமூகநல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலர் நீ சொல்வதைக் கேட்டு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். பாளையங்கோட்டையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் வக்கீலும் இலவசம், பெண்களுக்கு வருமானக் கணக்குக் கிடையாது. மனுவை 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும், உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். அதனால் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேள். அவசரம் என்று பட்டால், உன் பிரமாணப் பத்திரத்தை வைத்து, அவன் வராமலேயே மாஜிஸ்திரேட் அதைக் கொடுக்கலாம்.

சரி, முதலில் அந்தக் கை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காட்டு. எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதே, நடந்ததைச் சொல். சீட்டை வீட்டில் வைக்காதே, என்னிடம் கொடு. ராத்திரியில் ஏதாவது என்றால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணு, எந்நேரமும் எடுப்பார்கள்.

சமூகநல அலுவலகத்துக்கு உன்கூட நான் வருகிறேன். எந்த நாள் என்று இங்கே எழுதமாட்டேன். நீ பீடிக்கட்டு கொடுக்கப் போகிற வழி எனக்குத் தெரியும்.

உன் அக்கா