சந்தைக்குக் காட்டும் சாடையை எங்களுக்கும் காட்டுங்கள்

ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழுவில் இருக்கும் ஆறு பேருக்கும் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வணக்கம்.

எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். பங்கு வாங்குவதில்லை. ஆனாலும் நீங்கள் ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியை, மாற்றுகிற நாளில் சென்செக்ஸ் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிடுவேன்.

2022 மே 4ஆம் தேதி, அட்டவணையிலேயே இல்லாத கூட்டம் போட்டு, வட்டியை 4 சதவீதத்திலிருந்து 4.40க்கு ஏற்றினீர்கள். சென்செக்ஸ் 1,300 புள்ளிக்கு மேல் விழுந்தது. செப்டம்பர் 30இல் ஏற்றியது அதைவிட அதிகம், 0.50. அன்றைக்கோ 1,000 புள்ளிக்கு மேல் ஏறியது! "வட்டி ஏறினா சந்தை விழணுமே?" என்று கடைக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார். ஏழு நாள் தொடர்ந்து சரிந்த பிறகு வந்த ஏற்றம் அது. முழுப் பெருமையும் உங்களைச் சேராது. ஆனால் அரை சதவீதம் வருகிறது என்பது முன்பே எதிர்பார்த்ததுதான். விற்க நினைத்தவர்கள் விற்றுவிட்டார்கள். அறிவிப்பு வந்ததும் மிச்சமிருந்த பயமும் குறைந்தது.

கடன் பத்திரச் சந்தை இன்னும் கெட்டி. பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வருவாய், அதாவது அரசுக்குக் கடன் தரச் சந்தை கேட்கும் வட்டி, நீங்கள் ஏற்றத் தொடங்குவதற்கு முன்பே ஏறத் தொடங்கி, அந்த மே 4 அன்றே 7.4 சதவீதத்தை ஒட்டிவிட்டது. 2023 பிப்ரவரிக்குள் ரெப்போவை 6.50க்குக் கொண்டுபோனீர்கள். இடையில் ஆடினாலும், அப்போதும் அந்த வருவாய் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நின்றது. சவுகார்பேட்டைத் தங்க வியாபாரிகளுக்கும் இது புதிதல்ல: 2015 டிசம்பரில் அமெரிக்கா வட்டியை ஏற்றப்போகிறது என்ற பேச்சிலேயே அவுன்ஸ் 1,050 டாலர் பக்கம் இறங்கிய தங்கம், ஏற்றியானதும் சில மாதங்களில் 1,300ஐத் தாண்டியது.

சந்தை முன்கூட்டியே அழுது முடித்துவிடுகிறது. தண்டையார்பேட்டையில் வீட்டுக் கடன் வாங்கியவர் அப்புறம்தான் தொடங்குகிறார். 2022 ஏப்ரலில் 'தளர்வை விலக்கிக்கொள்வதில் கவனம்' என்று நீங்கள் எழுதிய வரி, வட்டி ஏறப்போகிறது என்ற சாடை எனச் சந்தைக்குப் புரிந்தது. இவருக்கு யார் சொன்னார்கள்? ஆனால் 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் புதிய மிதக்கும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டிப்போடச் சொன்னது உங்கள் வங்கிதானே. ரெப்போ ஏறினால் இவர் வட்டியும் ஏறும்.

கணக்கைப் பாருங்கள். 20 லட்சம் பாக்கி, 20 வருடம், 7 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 15,500 ரூபாய். நீங்கள் ஏற்றிய 2.5 சதவீதத்தைச் சேர்த்தால் சுமார் 18,640. சரி, தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டலாம் என்றால், முதல் மாத வட்டி மட்டுமே சுமார் 15,830. கட்டுகிற தவணை வட்டிக்கே போதாது, கடன் வளரும்.

தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் உங்கள் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்கு உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் அதன்படி கடன் தரும்போது ஒருமுறை எச்சரிக்கிறார்கள், வட்டி மாறும்போது ஒருமுறை கேட்கிறார்கள். நடுவில் காலாண்டுக்கு ஒரு கணக்கு விவரம் வரும், ஆனால் வட்டி ஏறப்போகிறது என்ற பேச்சே அதில் இல்லை.

அந்த நடுவில்தான் எனக்கு வேலை இருக்கிறது. உங்கள் அறிக்கையின் தொனி மாறிய அந்த வாரமே, 'வட்டி 1 சதவீதம் ஏறினால் உங்கள் தவணை இவ்வளவு ஆகும்' என்று ஒவ்வொருவருக்கும் தமிழில் குறுஞ்செய்தி போகட்டும். 2025இல் வட்டியைக் குறைத்தீர்கள். ஏறுமுகம் வரும்வரை காத்திராமல் இப்போதே ஏற்பாடு செய்யலாம். வாசகம் எழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ராஜாஜி சாலையில் இருக்கும் உங்கள் அலுவலகத்துக்கு பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டைக் கணக்குப்பிள்ளை ஒருவன்