செல்விக்கு, மஞ்சக்குப்பத்திலிருந்து

அன்புள்ள செல்வி,

குமாரைப் பத்தி நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன்டி. போன் போட்டா நீயே பேசி முடிச்சிடுவ, அதான் கடிதம். அம்மாவுக்கு முட்டிவலி, மத்தபடி எல்லாரும் சௌக்கியம்.

மனநோய்க்குப் போட்ட லீவு முடிஞ்சு மார்ச்லேர்ந்து திரும்ப பேங்க்குக்குப் போறேன். ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டை வாங்கிக்கிட்டு மேனேஜர் சார், "ரெஸ்ட் எடுத்துக்கிட்டே வேலை பாருங்கம்மா"ன்னார். ரெஸ்ட் மட்டும்தான் கொடுத்தார். ஜன்னலோரம் ஒரு மேஜை, பழைய வவுச்சர் கட்டு. தேதிவாரியா அடுக்கணும். அடுக்கினதை யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை. நான் போனா டீ டைம் பேச்சு நின்னுடும். "தூங்கினீங்களாக்கா?"ன்னு கேப்பாங்க. ஏசி ஓடலைன்னு ஒருநாள் சத்தம் போட்டேன். பக்கத்து சீட்டுப் பொண்ணு குனிஞ்சு, "அக்கா, மாத்திரை போட்டீங்களா?" கடலூர் வெயில்ல யாருக்குடி கோபம் வராது? எனக்கு மட்டும் கோபப்படவும் டாக்டர் சீட்டு வேணும் போல.

மாத்திரை லித்தியம். ஹைட்ரஜன், ஹீலியம்னு கெமிஸ்ட்ரி மிஸ் பெஞ்சு மேல நிக்க வெச்சு ஒப்பிக்கச் சொன்னாங்களே, அதுல மூணாவது. அப்ப உனக்கு மூணாவதுதான் வாயில வராது. நான் இப்ப அதைத் தின்னுக்கிட்டிருக்கேன். 1949ல ஜான் கேடுன்னு ஆஸ்திரேலியா டாக்டர் ஒருத்தர் மேனியாவுக்கு, அதான் மனசு கட்டுக்கடங்காம துள்ளுறதுக்கு, இது கேக்குதுன்னு எழுதினாராம். எனக்கிருக்கிற பைபோலாருக்கு, மனசு ஒரேயடியா ஏறி இறங்குற நோய்க்கு, இன்னிக்கும் இதைத்தான் முக்கியமா கொடுக்கிறாங்க. ஆனா ரத்தத்துல அளவு ஏறிட்டா விஷம். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு ரத்தம் கொடுக்கணும், தைராய்டும் கிட்னியும் பார்க்கணும். வேர்த்து உடம்புல தண்ணி வத்தினாலும் ஏறும், அதனால பாட்டிலும் கையுமா அலையறேன். அம்மாவோட முட்டிவலி மாத்திரையைத் தொடக்கூடாது. உப்பைத் திடீர்னு குறைக்கக்கூடாதுன்னார் டாக்டர். கருவாட்டுக்கு அவரே சிபாரிசுன்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கேன்.

விரல்தான் லேசா நடுங்குது. இந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

போன வாரம் கேஷியர் லீவு. வேற ஆளில்லாம என்னை உட்கார வெச்சாங்க. முதுநகர் மீன்காரம்மா ஒருத்தங்க முந்தானையிலேர்ந்து பணத்தை எடுத்துப் போட்டாங்க. எல்லாம் ஈர நோட்டு, ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டு. மெஷின் துப்பிடுச்சு. கையால பிரிச்சு எண்ண ஆரம்பிச்சேன். நடுக்கத்துல ரெண்டு ரெண்டா வருது, திரும்ப முதல்லேர்ந்து. "எம்மாம் நேரம்மா? எண்ணத் தெரியாதவள எதுக்குக் குந்த வெச்சிருக்காங்க?"ன்னு போட்டாங்க பாரு ஒரு சத்தம்! ஆபீஸே எழுந்து நின்னுடுச்சு. மேனேஜர் ஓடி வரார். "ஈரமா கொண்டாந்தா நேரமாகும், நில்லுங்க"ன்னேன் நானும். முணுமுணுத்துக்கிட்டே நின்னாங்க. சாயங்காலம் கேஷ் பைசா பிசகாம டேலி.

ஒருத்தங்க என்னை வாய்க்கு வந்தபடி திட்டிட்டாங்கடி! எத்தனை நாளாச்சு.

காலைல மந்தமா இருக்கு, மதியத்துக்கு மேல கவுண்டர் கொடுங்கன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். பதில் இல்லை. மாமா வி.ஆர்.எஸ்., அதான் விருப்ப ஓய்வு, வாங்கிக்கோன்றார். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல மனநோயும் இருக்கு, அரசு நிறுவனத்துல வேலையில இருக்கிறப்ப இப்படி வந்தா அதுக்காக ஆளை அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாதுன்னு காட்டினேன். சட்டம் பேசறா, இன்னும் சரியாகலன்னுட்டார்.

குமாருக்கும் மனசு சரியில்லன்னியே, அந்த விஷயம். ராத்திரியில ரொம்ப முடியலைன்னா 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண். தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. டாக்டரை விடாதீங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். கடையில அவனைக் கல்லாப் பக்கமே விடறதில்லைன்னியே, காசு ஏதாவது குறைஞ்சுதா, குறைஞ்சிடும்னு நீங்களா நினைச்சுக்கிட்டீங்களா? அவன் ஸ்டூலைப் போட்டுக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருக்கான்னு நீ சிரிச்சுக்கிட்டே சொன்ன. எனக்கு அன்னிக்குத் தூக்கம் வரலை. கணக்கு தப்பினா திட்டு, நல்லாவே திட்டு. உனக்கா சொல்லித் தரணும்?

ஞாயித்துக்கிழமை சண்டே மார்க்கெட்டுக்கு வரேன். பாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு அவனை அனுப்பு, நீ வேண்டாம். அவன்கிட்ட நான் கொஞ்சம் பேசணும், நீ இருந்தா எங்களுக்கு வாய்ப்பே கிடைக்காது.

உன்
சுமதி