இலையைக் காட்டாத படத்துக்குச் சிற்றினப் பெயர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட அமெரிக்கப் புல்வெளிப் பூக்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். ஆனால், அதில் இடம்பெற்ற மஞ்சள் பூப்படங்கள் அனைத்துக்கும் ‘கொரியாப்சிஸ் லான்சியோலேட்டா’ என்ற ஒரே பெயரைக் கொடுத்திருப்பது சரியன்று. கொரியாப்சிஸ் என்பது பேரினத்தின் பெயர்; லான்சியோலேட்டா அதன் சிற்றினங்களுள் ஒன்று. அவற்றுள் ஒரு பூவின் நடுவட்டம் கருஞ்சிவப்பாகவும், மஞ்சள் இதழ்களின் அடிப்பகுதி செம்பழுப்பாகவும் இருப்பது படத்திலேயே தெளிவாகத் தெரிகிறது. லான்சியோலேட்டாவுக்கு நடுவட்டமும் மஞ்சளாகவே இருக்கும். படத்தில் உள்ளது பெரும்பாலும் அதே பேரினத்தைச் சேர்ந்த டிங்க்டோரியா என்னும் ஓராண்டுச் செடி.

கொரியாப்சிஸ் பேரினத்தை அடையாளம் காண்பது அவ்வளவு கடினமன்று. சிறுமலர்கள் பல சேர்ந்து ஒரே பூவாகத் தோன்றும் பூத்தலையைச் சுற்றிப் பெரும்பாலும் இதழ் போன்ற எட்டுக் கதிர்ச் சிறுமலர்கள் இருக்கும். பல சிற்றினங்களில் அவற்றின் நுனி பல்பல்லாக வெட்டுப்பட்டிருக்கும். பூத்தலையைத் திருப்பிப் பார்த்தால் பூவடிச் செதில்கள் இரண்டு அடுக்காக அமைந்திருப்பதைக் காணலாம்: வெளியடுக்குச் செதில்கள் குறுகலாகவும் பச்சையாகவும், உள்ளடுக்குச் செதில்கள் அகன்று மெல்லிய சவ்வு போலவும் இருக்கும். நெருங்கிய உறவான பைடென்ஸ் செடிகளிலும் இந்த இரட்டை அடுக்கு உண்டு என்பதால், ஐயம் வந்தால் காயைப் பார்ப்பதே நல்லது. பைடென்ஸ் காயின் தலையில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வரை முட்கள் நீண்டிருக்கும். அவற்றிலுள்ள கொக்கிகள் துணியில் ஒட்டிக்கொண்டால் எளிதில் விடமாட்டா. கொரியாப்சிஸ் காயோ தட்டையானது. பல சிற்றினங்களில் அதன் இரு ஓரங்களிலும் மெல்லிய சிறகு காணப்படும்.

உண்மையான சிக்கல் லான்சியோலேட்டாவையும் கிராண்டிஃபுளோரா என்ற இன்னொரு சிற்றினத்தையும் பிரித்தறிவதில்தான் இருக்கிறது. இரண்டின் பூவும் ஏறக்குறைய ஒன்றே. பூவை மட்டும் அருகில் நின்று படமெடுத்துவிட்டு இன்னது என்று சொல்பவர் ஊகிக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும். லான்சியோலேட்டாவில் இலைகள் பெரும்பாலும் செடியின் அடியிலேயே கொத்தாக நின்றுவிடும். அவை நீண்ட ஈட்டி வடிவில், பிளவின்றியோ அடியில் ஓரிரு சிறு மடல்களுடனோ இருக்கும். அவற்றுக்கு மேலே நெடுந்தூரம் இலையே இல்லாத காம்பின் நுனியில் பூ நிற்கும். கிராண்டிஃபுளோராவிலோ தண்டின் பாதிக்கு மேலும் இலைகள் ஏறிச் செல்லும். அந்த மேல் இலைகள் மூன்று அல்லது ஐந்து குறுகிய கீற்றுகளாகப் பிளவுபட்டிருக்கும். இவ்விரண்டும் தமக்குள் கலப்பதும் உண்டு என்பதால், இடைப்பட்ட தோற்றமுள்ள ஒரு செடியைக் கண்டால் முடிவு சொல்லாமல் விடுவதில் தவறில்லை.

மற்றச் சிற்றினங்கள் இத்தனை தொல்லை தருவதில்லை. வெர்டிசில்லேட்டாவின் இலைகள் நூலிழை போலப் பிரிந்திருக்கும். மேஜரில் காம்பற்ற இரண்டு இலைகள் எதிரெதிராக அமைந்து, ஒவ்வொன்றும் மும்மூன்றாகப் பிரிவதால், தண்டைச் சுற்றி ஆறு இலைகள் இருப்பதாகவே கண்ணுக்குத் தோன்றும். டிங்க்டோரியாவின் பூ சில வேளைகளில் நிறம் மாறியிருந்தாலும், கைலென்சில் நடுவட்டச் சிறுமலரைப் பார்த்தால் அதன் விளிம்பில் நான்கு மடல்களே இருக்கும். லான்சியோலேட்டாவில் ஐந்து இருக்கும்.

எல்லாம் மஞ்சள் பூதானே, இதில் என்ன வந்தது என்று சிலர் கேட்கலாம். ஃபுளோரிடா மாநிலம் 1991இல் தன் மாநிலக் காட்டுப்பூவாகத் தனியொரு சிற்றினத்தை அன்றி கொரியாப்சிஸ் பேரினம் முழுவதையுமே அறிவித்தது. அங்கே இந்தக் கேள்வி எழாமல் போகலாம். ஜப்பானில் நிலைமை வேறு. அந்நாட்டு அரசு 2006இல் லான்சியோலேட்டாவைக் கேடு விளைவிக்கும் அயல் இனமாக அறிவித்து, அதை அனுமதியின்றி வளர்ப்பதற்கும் உயிருடன் எடுத்துச் செல்வதற்கும் தடை விதித்துள்ளது. தவறான பெயரை நம்பி ஒருவர் அங்கே தடைசெய்யப்பட்ட செடியை வளர்க்கவும் கூடும், தடையில்லாத செடியைப் பிடுங்கி எறியவும் கூடும்.

ஆகவே, இத்தகைய கட்டுரைகளில் பூவின் படத்துடன் செடியின் அடிப்பகுதியும் நடுத்தண்டும் தெரியும் படம் ஒன்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அப்படியொரு படம் கிடைக்காதபோது, ‘கொரியாப்சிஸ்’ என்ற பேரினப் பெயரை மட்டும் அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்