மிக்சியில் பீநட் பட்டர்: மைனிக்கு ஒரு கடிதம்

மாண்ட்ரியால்

அன்புள்ள மைனிக்கு,

இங்கே நாங்கள் நலம். பனி கொட்டத் தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

பீநட் பட்டர், அதாவது நிலக்கடலை விழுது, வீட்டில் செய்ய வருமா என்று போனில் கேட்டீர்களே, தாராளமாக வரும். கடைப் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் சர்க்கரையும் ஹைட்ரஜனேற்றிக் கெட்டியாக்கிய எண்ணெயும் இருக்கும். கடலை எண்ணெய் பிரிந்து மேலே மிதக்காமல் இருக்க அந்தக் கெட்டி எண்ணெயைச் சேர்க்கிறார்கள். நமக்கு அது எதற்கு? கடலையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான்.

கடலையை அடிகனமான சட்டியில் சிறுதீயில் வறுங்கள். தோல் நீக்கிப் புடைத்து, சூடு ஆறுமுன் மிக்சியின் சின்ன ஜாரில் போடுங்கள். முதலில் மாவாகும், அப்புறம் கட்டியாகி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரம் தண்ணீர் விடத் தோன்றும். விடவே கூடாது, விட்டால் இறுகிவிடும், சீக்கிரம் கெட்டும் போகும். வழித்துவிட்டு, மோட்டார் ஆறினதும் விட்டுவிட்டு ஓட்டுங்கள். தானாக எண்ணெய் கக்கி, இட்லிமாவுப் பதத்துக்கு இளகிவரும். கொஞ்சம் தூள் உப்பு போட்டால் முடிந்தது.

இந்தச் சூட்டு விஷயம் பழையது. இதே மாண்ட்ரியாலைச் சேர்ந்த மார்செல்லஸ் கில்மோர் எட்சன் என்பவர் 1884-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியபோது, வறுத்த கடலையைச் சூடான பரப்புகளுக்கு நடுவே அரைப்பதைத்தான் எழுதியிருக்கிறார். நான் தினமும் நடக்கிற ஊரில் தொடங்கிய சங்கதி என்று அறிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மார்த்தாண்டம் தேனை ஜாருக்குள் ஊற்றாதீர்கள். தேனில் நீர் இருப்பதால் விழுது கெட்டியாகிவிடும். தின்னும்போது ரொட்டியில் மேலே விடுங்கள், மட்டிப்பழத்தோடு இன்னும் நன்றாக இருக்கும். கருப்பட்டியும் அப்படித்தான், நன்கு காய்ந்த தூளாக இருந்தால் மட்டும் சேருங்கள்.

இங்கே மகள் படிக்கும் பள்ளிக்குக் கடலை சேர்ந்த எதையும் கொடுத்தனுப்பக் கூடாது. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் துளி பட்டாலும் உயிருக்கு ஆபத்து வரலாம். அதனால் காலையில் வீட்டிலேயே கொடுத்து, சோப்புப் போட்டுக் கைகழுவி, வாய் துலக்கித்தான் அனுப்புகிறேன். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது, மைனி. அடுத்த வீட்டுப் பிள்ளையையும் நினைத்துச் செய்கிற காரியம்.

முக்கியமானது ஒன்று. நம்மூரில் இரண்டு பருவமழையும் பெய்யும், ஈரத்தில் கடலை பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுதாகப் போகாது. அண்ணன் வடசேரிச் சந்தையில் வாங்கும்போது காய்ந்த புதுக்கடலையாகப் பார்க்கச் சொல்லுங்கள். சுருங்கியது, கறுத்தது, கசப்பது எல்லாம் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அரைத்ததை ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். எண்ணெய் மேலே நின்றால் காய்ந்த கரண்டியால் கிளறிக்கொள்ளலாம்.

செய்ததும் போன் பண்ணுங்கள். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்