ஆஸ்டினில் ஒரு சிவப்புக் கல் கட்டடம்

பாப்பா,

ஊர் வந்து பத்து நாளாகிறது, இன்னும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. சும்மா புரள்வதற்கு இதை எழுதலாமே என்று உட்கார்ந்தேன். நீ கூட்டிப்போன மால் எல்லாம் மறந்துபோச்சு, அந்த டெக்சாஸ் சட்டமன்றக் கட்டடம் மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. தினம் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறாய், ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை என்றாயே!

அதைக் கட்டிக்கொடுத்த கான்ட்ராக்டர்களுக்குக் கூலி பணமில்லை, 30 லட்சம் ஏக்கர் நிலம். வெளிச்சுவருக்கு முதலில் சுண்ணாம்புக்கல்தான் பேச்சு. அதில் இரும்பு கலந்திருந்து கறை ஏறியதால் கிரானைட்டுக்கு மாறினார்கள். கைதிகளை வைத்துக் கல் வெட்டியதால் தொழிற்சங்கத்துக் கல்தச்சர்கள் வரமாட்டோம் என்றுவிட, ஸ்காட்லாந்திலிருந்து 60 பேருக்கு மேல் கப்பலில் வரவழைத்து 1888-இல் முடித்திருக்கிறார்கள். மேஸ்திரி கை சும்மா இருக்குமா, சுவரைத் தடவித் தடவிப் பார்த்தேன், இது கைதி வெட்டினதா ஸ்காட்லாந்துக்காரன் வெட்டினதா என்று.

1983-இல் உள்ளே தீப்பிடித்து ஒருவர் செத்துப்போனார். அதுக்கு அப்புறம்தான் விழித்துக்கொண்டார்கள். இடப் பற்றாக்குறையில் வருஷக்கணக்காக அறைகளைத் தடுத்துத் தடுத்துக் கூறுபோட்டு வைத்திருந்தார்களாம். என்னிடம் கேட்டிருந்தால் பக்கத்திலேயே ஒரு புதுக் கட்டடம் எழுப்பு என்றிருப்பேன். அவர்கள் பின்பக்கம் பாறையைக் குடைந்து பூமிக்குள் நாலு மாடி இறக்கிவிட்டார்கள், 1993-இல் அது முடிந்தது, 1995-க்குள் பழைய கட்டடத்தையும் முன்போலவே ஆக்கிவிட்டார்கள். வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் வேலை!

உச்சியில் நிற்கும் பெண் சிலைகூட 1986-இல் மாற்றி வைத்ததுதான். பழைய துத்தநாகச் சிலை அங்கே மியூசியத்தில் இருக்கிறது, கிட்டப் போனால் மூக்கும் கண்ணும் பயமுறுத்தும். நம்ம கோபுரத்துப் பொம்மைகள் மாதிரிதான், கீழே இருந்து பார்க்கச் செய்தது.

கதவுக் கீலைக் குனிந்து பார். ஒவ்வொன்றிலும் ‘டெக்சாஸ் கேப்பிட்டல்’ என்று எழுத்து வார்த்திருக்கிறார்கள். கீலில் போய் யார் பார்க்கப்போகிறார்கள்?

டிக்கெட் கிடையாது. சனிக்கிழமை பேரனையும் கூட்டிப்போ. நடு மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல், உச்சியில் ஒரு நட்சத்திரம் உள்ளங்கை அளவு தெரியும். எத்தனை அடி இருக்கும் என்று கேள். எட்டடி. அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுது.

அம்மா நார்த்தங்காய் போட்டு வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறோம்.

அப்பா