பொலோஞாவின் தாழ்வாரமும் நம் கரையின் வெயிலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் இத்தாலி சுற்றுலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வெனிஸ் படகு, மிலன் பேராலயம், பைசா கோபுரம், ரோம் என்று எல்லாம் இருந்தது, படங்களும் நன்றாகவே இருந்தன. ஆனால் வெனிஸிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு ரயிலில் போகிறவர்கள் கடந்து போகிற பொலோஞாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம் ஊரிலிருந்து ஆட்களைச் சேர்த்துக் கூட்டிப் போகிற டூர்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அந்த ஊர் ரயில் ஜன்னலில் வந்து போய்விடுகிறது. என் மகள் அங்கே படிக்கிறாள். மே மாதம் போய் அவளோடு தங்கியிருந்துவிட்டு வந்தேன், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்பது பாதி விஷயம்தான். ராமேஸ்வரத்தில், ஏர்வாடியில், தேவிபட்டினத்தில், கொளுத்துகிற வெயிலில் செருப்பில்லாமல் நடக்கிற நம் ஜனங்களுக்கு அந்த ஊரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. மீதிப் பாதி அதுதான்.

பொலோஞா முழுக்கத் தாழ்வாரம். தெருவின் இரண்டு பக்கமும் வீடுகளின் கீழ்த்தளம் ஓர் அறை அளவுக்கு உள்ளே தள்ளியிருக்கும், முன்னால் தூண்கள், மேலே வளைவுகள், அதற்கு மேல் அந்த வீட்டின் மாடி. ஒரு வீட்டின் தாழ்வாரம் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுத் தாழ்வாரம் தொடங்கும், அப்படியே தெரு முடியும்வரை நடந்து போகலாம். மொத்தம் 62 கிலோமீட்டர் இருக்கிறதாம், 2021இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். போய் இறங்கிய அன்றே நல்ல மழை. நான் பையில் குடையைத் தேட, மகள், "அம்மா, அதை உள்ளயே வைங்க, இங்க நனையாமலே வீடு வரைக்கும் போயிரலாம்" என்றாள். அப்படியே போனோம், ரோட்டைக் குறுக்கே கடக்கிறபோது மட்டும்தான் தலையில் இரண்டு தூறல் விழுந்தது.

இது எப்படி வந்தது என்று மகளைத் துளைத்தெடுத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் 1088இல் தொடங்கியதாகச் சொல்வார்கள், ஐரோப்பாவிலேயே பழையது. படிக்க வந்த பிள்ளைகளும் பிழைக்க வந்த ஜனங்களும் பெருகப் பெருக வீடு போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியை மரச் சட்டங்கள் வைத்துத் தெருப்பக்கம் நீட்டிக் கட்டினார்கள். நீட்டியது தாங்கவேண்டுமே என்று கீழே மரக்கால் ஊன்றினார்கள். வேறு ஊராக இருந்தால் ஆக்கிரமிப்பு என்று இடித்திருப்பார்கள். பொலோஞாக்காரர்கள் 1288இல் நேர்மாறாக ஒரு சட்டம் போட்டார்கள்: புதிதாக வீடு கட்டுகிறவர் தாழ்வாரம் வைத்துத்தான் கட்ட வேண்டும், அதுவும் குதிரையில் வருகிறவன் தலை இடிக்காமல் போகிற உயரத்துக்கு, அதாவது சுமார் 2.66 மீட்டர். நிலம் வீட்டுக்காரருடையது, பராமரிப்பும் அவர் பொறுப்பு, ஆனால் அதில் நடக்கிற உரிமை எல்லோருக்கும். வீட்டுக்காரருக்கும் இதில் நஷ்டம் இல்லை, ஏனென்றால் கீழே விட்டுக்கொடுத்த இடத்துக்கு நேர் மேலே அவருக்கு ஓர் அறை கிடைத்துவிடுகிறது. யாருடைய நிலத்தையும் அரசு கையகப்படுத்தவில்லை, கோர்ட்டுக்குப் போகிற வேலையும் இல்லை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது.

நாங்கள் இருந்த வீட்டுக்கு எதிர்வீட்டில் வயதான அம்மா ஒருவர் காலையில் வாளியும் துடைப்பானும் எடுத்துக்கொண்டு வீட்டுச் செருப்போடு வெளியே வருவார். தன் கதவுக்கு முன்னால் இருக்கிற தாழ்வாரத்தை, இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரை, அளந்து வைத்ததுபோல் துடைப்பார். நம் பக்கம் பழைய வீடுகளில் இருக்குமே அந்த மொசைக் தரை, அதே மாதிரிதான். ஈரம் காய்வதற்குள் வருகிற கல்லூரிப் பிள்ளைகள் ரோட்டில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவார்கள், சைக்கிளில் வருகிற பையன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். யாரும் சொல்லிச் செய்வதில்லை. பக்கத்து வீட்டுத் தரை வேறு நிறம், அதற்கு அடுத்தது வெறும் கல். தரையைப் பார்த்தே எந்த வீடு எங்கே முடிகிறது என்று சொல்லிவிடலாம். அவரவர் இடம் அவரவருடையதாகவே இருக்கிறது, ஆனாலும் நடக்கிறவருக்குத் தடுப்பு கிடையாது, படியில் கம்பி வைத்த கேட்டு கிடையாது. எல்லாத் தெருவும் இப்படிப் பளபளப்பு என்று சொல்ல மாட்டேன். சுவரில் கிறுக்கி வைத்திருக்கிறார்கள், சில இடங்களில் காபிக்கடை மேசைகள் பாதி வழியை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. ஆனாலும் கைக்குழந்தைக்காரியும் கோல் ஊன்றுகிற பெரியவரும் வெயில் மழை பார்க்காமல் தினமும் வெளியே வருகிறார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

போகிறவர்களுக்காகச் சில விஷயங்கள். ஊர் நடுவில் இரண்டு கோபுரங்கள் நிற்கின்றன, 97 மீட்டர் உயரமான அசினெல்லி, அதன் பக்கத்தில் சாய்ந்து நிற்கிற குட்டையான கரிசெண்டா. கரிசெண்டாவுக்கு ஆபத்து என்று 2023 அக்டோபரில் சுற்றிலும் அடைத்துவிட்டார்கள், அதனால் ஏறலாம் என்ற நினைப்போடு போகாதீர்கள். பெரிய சதுக்கத்தில் இருக்கிற சான் பெத்ரோனியோ ஆலயத்தின் தரையில் 1655இல் காசினி என்ற வானியல் அறிஞர் போட்ட கோடு இருக்கிறது, கிட்டத்தட்ட 67 மீட்டர் நீளம். கூரையில் உள்ள சின்னத் துவாரம் வழியாக உச்சிவேளையில் சூரிய ஒளி அந்தக் கோட்டில் வந்து விழுகிறது, அதை வைத்து வருஷத்தில் எந்த நாள் என்று கண்டுபிடிக்கலாம். எதிரே பழைய அரண்மனைக் கட்டடத்தின் அடியில் நான்கு மூலை கொண்ட வளைவு ஒன்று. ஒரு மூலையில் சுவரைப் பார்த்து மெதுவாகப் பேசினால் எதிர்மூலையில் சுவரோடு காதை வைத்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும், நடுவில் நிற்பவருக்குக் கேட்காது. ஸ்த்ராதா மஜோரே தெருவில் இசோலானி வீடு என்று ஒன்று, 13ஆம் நூற்றாண்டின் மரத் தூண்கள் இன்னும் அப்படியே மாடியைத் தாங்கி நிற்கின்றன, கட்டாயம் பாருங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் கவனம் தேவை. தோர்தெல்லினி என்று குட்டிக் குட்டியாக மடித்துச் சூப்பில் போட்டுத் தருவதில் பன்றி இறைச்சி இருக்கும், கீழக்கரை பெரியபட்டினம் பக்கத்து வாசகர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய தோர்தெல்லோனி பெரும்பாலும் பாலாடைக்கட்டி வைத்தது, இருந்தாலும் கேட்டுக்கொண்டு வாங்குவது நல்லது. அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் எல்லாம் பங்களாதேஷ்காரர்களின் கடைகளில் கிடைக்கும். காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை.

ரயில் நிலையத்தில் ஒரு கடிகாரம் 10.25இல் நிற்கும், ஓடவில்லையே என்று நினைத்துவிட வேண்டாம். 1980 ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை அந்த நேரத்தில் அங்கே குண்டு வெடித்து 85 பேர் செத்தார்கள். 1964 புயலில் தனுஷ்கோடி ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், அந்தக் கடிகாரத்துக்குக் கீழே என்னால் நிற்க முடியவில்லை.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஊருக்கு வெளியே குன்றின் மேல் சான் லூக்கா மாதா கோயில் இருக்கிறது. 1433இல் மழை விடாமல் பெய்து விளைச்சல் எல்லாம் நாசமாகப் போகிற நேரத்தில், மழை நிற்க வேண்டி மாதா படத்தைக் குன்றிலிருந்து ஊருக்குள் இறக்கிக் கொண்டுவந்தார்கள், மழை நின்றது என்கிறார்கள். மழை வரவேண்டும் என்று கும்பிடுகிற நம் ராமநாதபுரத்துக்கு அது நேர் எதிர். அதிலிருந்து வருஷாவருஷம் மே மாதம் போல மாதா இறங்கி வந்து ஒரு வாரம் பேராலயத்தில் இருந்துவிட்டுத் திரும்பப் போகிறார். நான் போன சமயம் அந்தப் பவனி நடந்தது, எங்கள் ஊர்ச் சந்தியாகப்பர் மாதா கோயில் போன்ற கிறிஸ்தவக் கோயில்களின் தேர்த் திருவிழாக் கூட்டம்தான் ஞாபகத்துக்கு வந்தது. இந்தப் பவனி மழையில் நனையக்கூடாது என்று 1674இல் ஒரு தாழ்வாரம் கட்ட ஆரம்பித்தார்கள். ஊர் வாசலிலிருந்து குன்றின் உச்சிவரை, சுமார் 3.8 கிலோமீட்டர், 666 வளைவுகள். கட்டி முடிக்க நூறு வருஷத்துக்கும் மேல் ஆனது.

பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஊர் ஜனங்கள் கொடுத்ததுதான். இந்த வளைவு இந்தக் குடும்பம், இது இந்தத் தொழில்காரர் சங்கம் என்று கொடுத்தவர்களின் பெயர் சுவரில் பதித்திருக்கிறது. மகளோடு ஏறுகிறபோது மூச்சு வாங்கி நிற்கிற இடத்திலெல்லாம் அந்தப் பெயர்களைத்தான் வாசித்துக்கொண்டு நின்றேன், நம் ஊர்க் கோயிலில் டியூப்லைட்டிலும் மின்விசிறியிலும் 'உபயம்' என்று எழுதியிருப்பதை வாசிக்கிற மாதிரி. குன்றின் அடியில் இருக்கிற மெலோன்செல்லோ வளைவு வரைக்கும் சமதளம், அதற்கப்புறம் படியும் ஏற்றமும். காலையில் ஓட வருகிற இளவட்டங்கள், நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், ஜெபமாலையோடு ஏறுகிற பாட்டிகள், எல்லோருக்கும் அதே நிழல்தான். முன்னூறு வருஷத்துக்கு முந்தி எவரோ கொடுத்த உபயம்.

நம்மிடம் என்ன இல்லை? ராமநாதசுவாமி கோயிலின் வெளிப் பிரகாரத்தில் 1212 தூண்கள் நிற்கின்றன, அதைப் பார்ப்பதற்கென்றே உலகத்திலிருந்து வருகிறார்கள், சேதுபதி மன்னர்கள் காலத்துக் கட்டுமானம், எந்த வெயிலிலும் அந்தக் கல்லில் வெறுங்காலோடு நிற்கலாம். கோயிலை விட்டு வெளியே கால் வைத்தால்? அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு 22 தீர்த்தமும் ஆடப் போகிற பாட்டிமார்கள் சித்திரை வெயிலில் ஒரு காலை வைத்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பேரப்பிள்ளையின் துண்டை வாங்கிக் கீழே போட்டு அதன்மேல் நின்றுகொண்டிருந்த ஒரு வடக்கத்தி அம்மாவைப் போன சித்திரையில் பார்த்தேன், உள்ளங்கால் சிவந்து கிடந்தது. எத்தனையோ நூறு மைல் தாண்டி வந்தவர் நம் தெருவில் ஒரு சாண் நிழல் தேடுகிறார். ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களுக்கும், தேவிபட்டினத்தில் நவபாஷாணத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

நம் பெரியவர்கள் வீடு கட்டும்போது தெருவைப் பார்த்துத் திண்ணை வைத்தார்கள், கூரையை அதற்கும் வெளியே தாழ்வாக இறக்கினார்கள். கீழக்கரையின் பழைய வீடுகளில் இன்றும் பார்க்கலாம். இப்போது கட்டுகிற லாட்ஜுகளில் திண்ணையும் இல்லை, நிழலும் இல்லை. கண்ணாடி முகப்பு வைத்துத் தெருவின் விளிம்புவரை கட்டிவிடுகிறார்கள், நடக்கிறவர் மீது அந்தக் கண்ணாடியின் சூடும் சேர்ந்து விழுகிறது.

தகர ஷீட் போடலாமே என்பார்கள். உப்புக் காற்றில் துரு ஏறி எத்தனை நாள் நிற்கும் என்று கரையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், அதன் கீழே நின்றால் வெயிலைவிட அனல் அதிகம், புயல் என்றால் முதலில் பறப்பதும் அதுதான். பொலோஞாவிலும் முதலில் மரம்தான், 1568இல் அதைக் கல்லுக்கும் செங்கல்லுக்கும் மாற்றச் சொன்னார்கள், மாற்ற முடியாமல் தப்பியவைதான் இசோலானி மாதிரி வீடுகள். நம்மிடம் வைரம் பாய்ந்த பனை இருக்கிறது, ஓடு இருக்கிறது, கல் தூண் செதுக்கத் தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். கோயிலுக்கும் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் போகிற நடைவழிகளில் இனிமேல் புதிதாகக் கட்டுகிற லாட்ஜோ கடையோ கீழ்த்தளத்தில் ஓர் ஆள் பாதையை நிழலோடு ஊருக்கு விட்டுவிட்டு, அதற்கு ஈடாக மேலே அறை கட்டிக்கொள்ளட்டும், விதியை அப்படி மாற்றட்டும். ஏற்கெனவே கட்டிடம் நிற்கிற இடங்களில் உபயமாகக் கொடுக்கட்டும். டியூப்லைட்டுக்குப் பெயர் போடுகிற நாம் ஒரு தூணுக்குப் பெயர் போட மாட்டோமா? பாம்பனிலிருந்து கடல் கடந்து போய்ச் சம்பாதிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர், ஊர்த் திருவிழாவுக்கு இவர்கள் அனுப்புகிற பணத்தில் ஒரு பங்கு போதும்.

பனஞ்சட்டமும் ஓடும் வைத்து, பத்தடி நீளத்துக்கு, புயல் தாங்குகிற மாதிரி ஒரு தாழ்வாரம் போட இன்றைக்கு என்ன செலவாகும்? கொத்தனாரோ, ஆசாரியோ, பொறியாளரோ யாராவது இந்தப் பகுதியிலேயே கணக்குப் போட்டு எழுத வேண்டுகிறேன். நீங்களும் சித்திரை மாதம் உச்சிவேளையில் உங்கள் புகைப்படக்காரர் ஒருவரை அக்னி தீர்த்தத்து வழிக்கு அனுப்பி, அந்தப் படத்தைச் சுற்றுலாப் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம்.